கீழ்வாலை முதல் மண்டகப்பட்டு வரை: பாறை ஓவிய நடைக்கு வருகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

விழுப்புரம், செஞ்சி, திருக்கோவிலூர். இந்த மூன்று ஊருக்கும் நடுவே குண்டுப் பாறையும் கரடுமாகக் கிடக்கிற நிலத்தில் பாறை ஓவியம், சமணர் கற்படுக்கை, பழந்தமிழ்க் கல்வெட்டு, பல்லவர் குடைவரை (பாறையைக் குடைந்த கோயில்) எல்லாமே இருக்கின்றன. நண்பர்கள் சிலர் சேர்ந்து, வெயில் குறைந்த மாதங்களில் ஞாயிற்றுக்கிழமை ஆட்களை அழைத்துக்கொண்டு அங்கே நடக்கிறோம். வர நினைக்கிறவர்கள் ஒரே கேள்விகளைத் திரும்பத் திரும்பக் கேட்பதால், வாயால் சொல்லும் பதில்களை இங்கே எழுதி வைக்கிறேன்.

ஒரு நாளில் என்னென்ன பார்ப்போம்?

மூன்று இடம், அதற்கு மேல் போவதில்லை. காலையில் ஓர் ஓவியப் பாறை, பிறகு ஒரு கல்வெட்டு அல்லது கற்படுக்கை, மாலையில் ஒரு குடைவரை. ஓவியத்துக்குக் கீழ்வாலை அல்லது செத்தவரை. கல்வெட்டுக்குத் திருநாதர்குன்று, தொண்டூர், ஜம்பை மூன்றில் ஒன்று. குடைவரைக்கு மண்டகப்பட்டு அல்லது தளவானூர்.

தொடங்கிய காலத்தில் ஒரே நாளில் ஏழு இடம் காட்டியிருக்கிறோம். வந்தவர்கள் வீட்டுக்குப் போய்ப் படங்களை எடுத்துப் பார்த்துவிட்டு, "இது எந்த ஊர்?" என்று கேட்டார்கள். அதோடு அதை விட்டுவிட்டோம்.

கீழ்வாலை ஓவியம் இணையத்தில் பார்த்தது போலவே இருக்குமா?

இருக்காது. இதைக் கிளம்பும் முன்பே சொல்லிவிடுகிறோம். இணையத்தில் வருகிற படங்களில் பல நிறத்தைக் கூட்டி எடுத்தவை. நேரில் போய் நின்றால் முதலில் கண்ணில் படுவது பழுப்புப் பாறையும் அதில் மங்கிய சிவப்புக் கறையும்தான். வெற்றிலை போட்டுத் துப்பியது போல இருக்கிறது என்று ஒருவர் சொன்னார். அவரைக் குறை சொல்ல முடியாது, முதல் பார்வைக்கு அப்படித்தான் இருக்கும்.

அதனால் கீழ்வாலையில் போய்ச் சேர்ந்ததும் பத்து நிமிடம் யாரும் விளக்கம் சொல்லக் கூடாது என்று வைத்திருக்கிறோம். எல்லோரும் பாறை முன்னால் உட்கார்ந்து சும்மா பார்க்க வேண்டும். நாலைந்து நிமிடத்தில் கண் பழகிவிடும். ஒருமுறை அப்பாவோடு வந்திருந்த ஆறாம் வகுப்புப் பெண்தான் முதலில் கண்டுபிடித்தாள். "அங்க கால் தெரியுது, நாலு கால்" என்றாள். நாலு கால் தெரிந்ததும் அதன் மேலே ஓர் உடல், உடலின் மேலே உட்கார்ந்திருக்கும் ஆள், முன்னால் அதை நடத்திச் செல்கிற இன்னொருவர் என்று ஒவ்வொன்றாகப் பாறையிலிருந்து வெளியே வந்தன. கைவிரல் நீளம்கூட இல்லாத கோடுகள். ஆனால் நடத்திச் செல்கிறவரின் உடல் சற்றே முன்னோக்கிச் சாய்ந்திருப்பது போலத் தெரியும். அதைப் பார்த்த பிறகு கறை என்று யாரும் சொல்வதில்லை.

அந்த விலங்கு குதிரை என்பது பலருடைய கருத்து. பறவை மூக்கு போல முகம் நீண்ட மனித உருவங்களும் இருக்கின்றன. முகமூடி அணிந்து ஆடுகிறவர்களாக இருக்கலாம் என்கிறார்கள். படகில் போகிறவர்கள் என்று படிக்கப்படும் உருவமும் உண்டு. எல்லாம் செங்காவி நிறம்.

செத்தவரையும் அதே மாதிரிதானா?

இடமே வேறு மாதிரி. செஞ்சிப் பக்கம் குன்றில் இயற்கையாக அமைந்த பாறை ஒதுங்கிடம் அது. மழைக்கு ஒதுங்கி நின்று பார்க்கலாம் போல இருக்கும். அங்கே மான், மீன் போன்ற விலங்குருவங்கள்தாம் முக்கியம். கீழ்வாலையில் மனிதர்களைத் தேடுகிற கண், செத்தவரையில் விலங்குகளைத் தேட வேண்டும். ஏறுவதற்குக் கொஞ்சம் மூச்சு வேண்டும்.

இவற்றுக்கு எத்தனை ஆயிரம் வருடம்?

எல்லோரும் கேட்கும் கேள்வி இதுதான், நேர்மையாகப் பதில் சொல்வது கடினமான கேள்வியும் இதுதான்.

கரி, எலும்பு, மரம் மாதிரி உயிரிலிருந்து வந்த பொருளுக்குத்தான் கதிரியக்கக் கரிமம் கொண்டு காலம் பார்க்க முடியும். செங்காவி என்பது இரும்புச் சத்துள்ள மண். அதில் கரிமம் இல்லை. அதைக் குழைக்கச் சேர்த்த பசையோ கொழுப்போ ஏதாவது ஒட்டிக்கொண்டிருந்தால் ஒரு வழி உண்டு, பெரும்பாலும் அது மிஞ்சுவதில்லை. அதனால் ஆய்வாளர்கள் சுற்றி வளைத்துத்தான் காலத்தை நெருங்குகிறார்கள். வரைந்திருப்பது என்ன? குதிரை ஏறிய ஆள் என்றால், குதிரையைப் பழக்கிய காலத்துக்குப் பிறகு. ஒன்றின் மேல் ஒன்றாக வரைந்திருந்தால் அடியில் இருப்பது மூத்தது. பக்கத்தில் கல்வட்டம், கல்திட்டை போன்ற ஈமச்சின்னங்கள் இருக்கின்றனவா? இப்படிப் பார்த்துத்தான் கீழ்வாலை ஓவியங்களுக்கு மூவாயிரம் ஆண்டு என்கிற அளவில் பேசுகிறார்கள். ஓவியங்களைப் பெருங்கற்காலத்தோடு, அதாவது இரும்புக்காலத்தோடு, இணைத்துப் பார்ப்பதால் வந்த கணக்கு அது.

அந்த இரும்புக்காலமே இப்போது பின்னோக்கி நகர்ந்துகொண்டிருக்கிறது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். கிருஷ்ணகிரி மாவட்டம் மயிலாடும்பாறையில் இரும்பு கிடைத்த அடுக்குக்கு கி.மு. 2172 என்ற காலக்கணிப்பு 2022இல் அறிவிக்கப்பட்டது. 2025 ஜனவரியில் தூத்துக்குடி மாவட்டம் சிவகளைக்கு அதையும் தாண்டிய காலம் அறிவிக்கப்பட்டது. எனவே நடையில் யாராவது ஓவியத்துக்கு ஒரே ஓர் எண்ணை அடித்துச் சொன்னால், "எதை வைத்துச் சொல்கிறீர்கள்?" என்று கேளுங்கள். நான் சொன்னாலும் கேளுங்கள்.

கீழ்வாலையில் சிந்துவெளி எழுத்து இருக்கிறது என்கிறார்களே?

ஓவியங்களோடு சில குறியீடுகளும் இருக்கின்றன. அவற்றில் சில சிந்துவெளி முத்திரைக் குறிகளை ஒத்திருப்பதாகச் சில ஆய்வாளர்கள் எழுதியிருக்கிறார்கள். எல்லோரும் அதை ஏற்கவில்லை. வட்டம், குறுக்குக்கோடு, ஆரமுள்ள சக்கரம் போன்ற வடிவங்களை மனிதர்கள் ஒருவரை ஒருவர் பார்க்காமலேயே பல இடங்களில் வரைந்திருக்கிறார்கள் என்பது மறுப்பவர்களின் வாதம். சிந்துவெளி எழுத்தே இன்னும் எல்லோரும் ஒப்புக்கொள்ளும்படி படிக்கப்படவில்லை. அந்தக் குறிகளை நாங்கள் காட்டுவோம். இரண்டு பக்கமும் சொல்வோம்.

என் சொந்தக் கருத்து ஒன்று: இந்தப் பாறை பெருமைப்பட சிந்துவெளியோடு உறவு இருந்தாக வேண்டும் என்பதில்லை. அந்த நாலு காலும் முன்னால் நடக்கிற ஆளுமே எனக்குப் போதும்.

எதைக் கொண்டு வரைந்தார்கள்? இத்தனை காலம் எப்படித் தாங்கியது?

சிவப்புக்குச் செங்காவி. இரும்பு ஆக்சைடு உள்ள மண்ணையோ கல்லையோ அரைத்த தூள். வெள்ளைக்கு வெண்களிமண் அல்லது சுண்ணாம்பு வகை. குழைக்கத் தண்ணீர், மரப்பசை, விலங்குக் கொழுப்பு இவற்றைப் பயன்படுத்தியிருக்கலாம். விரலாலும், நுனி நசுக்கிய குச்சியாலும் வரைந்திருக்கலாம்.

சிவப்பு அதிகமாக மிஞ்சியதற்குக் காரணம் உண்டு. மிக நுண்ணிய இரும்பு ஆக்சைடுத் துகள் பாறையின் நுண்துளைக்குள் இறங்கிப் பிடித்துக்கொள்கிறது. வெயிலில் நிறம் போகாது, ஏனென்றால் அது ஏற்கெனவே துருதான், இனி மாறுவதற்கு ஒன்றும் இல்லை. வெள்ளை அப்படியில்லை. பாறையின் மேலே பொருக்காக உட்கார்ந்திருக்கும், உரசினால் உதிரும். இன்னொரு காரணம் இடத் தேர்வு. மேலே பாறை நீட்டிக்கொண்டு, மழைத்தாரை நேரே விழாத உட்சரிவுகளில் வரைந்தவைதாம் பெரும்பாலும் நமக்குக் கிடைத்திருக்கின்றன.

பல்லவர் கால ஓவியம் வேறு தொழில்நுட்பம். பனமலைத் தாளகிரீசுவரர் கோயிலில், இராசசிம்மன் காலத்து அம்மன் ஓவியத்தின் ஒரு பகுதி மிஞ்சியிருக்கிறது. தலைக்கு மேல் குடை, ஒரு காலை மடக்கிச் சாய்ந்து நிற்கும் நிலை. அது சுவரில் சுண்ணச்சாந்து பூசி அதன் மேல் தீட்டியது. சாந்து பெயர்ந்தால் படமும் போய்விடும். கீழ்வாலையில் பெயர்வதற்குச் சாந்தே கிடையாது. ஆயிரம் வருடத்துக்கு மேல் மூத்த ஓவியம் அரசன் கோயில் ஓவியத்தைவிட முழுமையாக நிற்பது இதனால்தான்.

தண்ணீர் தெளித்தால் ஓவியம் பளிச்சென்று தெரியும் என்கிறார்களே?

தெரியும். அதனால்தான் அது ஆபத்து.

ஈரம் பட்டதும் பாறையின் நிறம் அடர்ந்து சிவப்பு எடுப்பாகும், உண்மைதான். ஆனால் அந்தத் தண்ணீர் பாறைக்குள் இறங்கி, காயும்போது உள்ளே இருக்கிற உப்பைக் கரைத்து மேலே கொண்டுவரும். வீட்டுச் சுவரில் உப்புப் பூத்து வண்ணம் பொரிந்து விழுவதைப் பார்த்திருப்பீர்கள். அதேதான். ஓவியத்தின் மேல் வெள்ளைப் படலம் படியும், பிறகு பொருக்கு விடும். ஒருமுறை தெளித்தால் ஒன்றும் ஆகாதது போலத்தான் இருக்கும். ஞாயிறு தோறும் பத்துப் பேர் தெளித்தால்?

எங்கள் ஆரம்ப கால நடை ஒன்றில் என் கண் முன்னாலேயே இது நடந்தது. ஒருவர் ஆர்வத்தில் குடிதண்ணீர் பாட்டிலைத் திறந்து பாறையில் ஊற்றிவிட்டார். நான் கத்துவதற்குள் தண்ணீர் கீழே ஓடிவிட்டது. அவர் கெட்டவர் இல்லை. வேறோர் இடத்தில் வழிகாட்டியே அப்படிச் செய்து காட்டியதைப் பார்த்திருக்கிறார். தப்பு என்னுடையது. நான் முன்னாலேயே சொல்லியிருக்க வேண்டும். அன்றிலிருந்து பாறைக்கு இருபதடி முன்னால் ஒரு மரத்தடியில் பைகளையும் பாட்டில்களையும் வைத்துவிட்டுத்தான் போகிறோம்.

சாக்பீஸால் கோடு போட்டுக் காட்டுவது, கையால் துடைப்பது, எண்ணெய் தடவுவது, பக்கத்தில் கற்பூரம் கொளுத்துவது எல்லாமே இதே வகைதான். விரலால் தொடவும் வேண்டாம். தோலில் இருக்கிற எண்ணெயும் வியர்வையும் போதும். காட்ட வேண்டுமென்றால் ஒரு சாண் தள்ளி நின்று காற்றில் விரலை ஓட்டுங்கள், புரியும்.

அப்படியானால் மங்கிப்போனதை எப்படிப் பார்ப்பது? படம் எடுக்கலாமா?

தாராளமாக எடுக்கலாம், ஃபிளாஷ் போடாமல். பக்கத்தில் ஓர் அளவுகோலோ, நிறம் காட்டும் அட்டையோ பிடித்து எடுத்தால் படம் பின்னால் ஆய்வுக்கும் பயன்படும். அட்டையைப் பாறையில் ஒட்டக் கூடாது, பிடிக்க வேண்டும்.

மங்கிய ஓவியத்துக்கென்றே 'டிஸ்ட்ரெட்ச்' என்று ஒரு மென்பொருள் இருக்கிறது. 2005 வாக்கில் ஜான் ஹார்மன் என்பவர் உருவாக்கியது. உலகம் முழுக்கப் பாறை ஓவிய ஆய்வாளர்கள் பயன்படுத்துகிறார்கள். சாதாரணப் படத்தை அதில் கொடுத்தால், கண்ணுக்கு ஒன்று போலத் தெரிகிற நிறங்களுக்கு இடையே உள்ள சின்ன வேறுபாட்டை இழுத்துப் பெரிதாக்கிக் காட்டும். நடையில் ஒருவர் மடிக்கணினி கொண்டுவருவார். மதியச் சாப்பாட்டின்போது நீங்கள் காலையில் எடுத்த படத்தையே போட்டுக் காட்டுவோம். "இங்க இன்னொரு ஆள் இருந்தாரா!" என்று யாராவது கத்தாத நாள் கிடையாது. தண்ணீர் பாட்டிலுக்கு இதுதான் மாற்று.

கல்வெட்டுக்கு வேறு வழி. டார்ச்சை எழுத்துக்கு நேரே அடித்தால் ஒன்றும் தெரியாது. பக்கவாட்டில், பாறையோடு பாறையாகச் சாய்த்துப் பிடித்தால் வெட்டின பள்ளத்தில் நிழல் விழுந்து எழுத்து எழுந்து நிற்கும். காலை வெயில் சாய்வாக விழும் நேரத்தில் டார்ச்சே வேண்டாம்.

ஓவியம் பார்க்க வருகிறவர்களுக்குக் கல்வெட்டு எதற்கு?

பாறையைத் தேடி வந்த மனிதர்களின் கதை ஓவியத்தோடு முடியவில்லை, அதனால்.

செஞ்சிக்குப் பக்கத்தில் திருநாதர்குன்று. ஒரு பெரிய குண்டுப் பாறையில் சமணர் வணங்கும் இருபத்துநான்கு தீர்த்தங்கரர்களும் இரண்டு வரிசையாக, வரிசைக்குப் பன்னிரண்டு பேராக உட்கார்ந்திருக்கிறார்கள். அதற்குப் பக்கத்தில் கிடக்கிற பாறையில் ஒரு சிறிய கல்வெட்டு. "ஐம்பத்தேழ் அனசனம் நோற்ற சந்திரநந்தி ஆசிரிகர் நிசீதிகை." சந்திரநந்தி என்கிற ஆசிரியர் ஐம்பத்தேழு நாள் உண்ணாமல் நோன்பிருந்து உயிர்விட்ட இடம் என்று பொருள். எழுத்தமைதியை வைத்து ஏறக்குறைய 6ஆம் நூற்றாண்டு என்கிறார்கள்.

அதில் முதல் எழுத்து ஐ. தமிழ்க் கல்வெட்டுகளில் உயிரெழுத்து 'ஐ' கிடைத்த மிகப் பழைய இடங்களில் ஒன்றாக இதைச் சொல்வார்கள். நடையில் அந்த எழுத்தை எல்லோரும் காற்றில் எழுதிப் பார்ப்போம். பிறகு ஐம்பத்தேழு என்று வாய்விட்டு எண்ணிப் பார்த்தால், இருபதைத் தாண்டும்போதே சத்தம் அடங்கிவிடும். தண்ணீர் இல்லாத இந்தப் பாறையில், சித்திரை வெயிலோ மார்கழிப் பனியோ, ஐம்பத்தேழு நாள்.

தொண்டூரில் தமிழ் பிராமிக் கல்வெட்டு, அதாவது தமிழின் மிகப் பழைய எழுத்தில் வெட்டியது. 'மோசி செய்த அதிட்டானம்' என்று முடிகிறது. அதிட்டானம் என்றால் இருக்கை, கற்படுக்கை. அதில் அகழூர் என்று ஓர் ஊர்ப்பெயர் வருகிறது. பக்கத்திலேயே இன்றும் அகலூர் இருக்கிறது. அங்கே தமிழ்ச் சமணர்கள் இன்றும் வாழ்கிறார்கள், ஜினாலயமும் உண்டு. கல்லில் படித்த ஊரில் போய் மோர் வாங்கிக் குடித்துவிட்டு வருவது வேறு எந்த அருங்காட்சியகத்திலும் கிடைக்காத அனுபவம்.

திருக்கோவிலூர்ப் பக்கம் ஜம்பை. 1981இல் வெளிச்சத்துக்கு வந்த கல்வெட்டு. "ஸதியபுதோ அதியன் நெடுமான் அஞ்சி ஈத்த பாளி." ஔவைக்கு நெல்லிக்கனி கொடுத்த அதியமான் கொடுத்த பள்ளி, அதாவது முனிவர் தங்குமிடம். அசோகர் கல்வெட்டில் வருகிற 'சதியபுத்திரர்' யார் என்று நெடுங்காலம் நடந்த விவாதத்துக்கு, அதியனை 'ஸதியபுதோ' என்று சொல்கிற இந்த ஒரு வரி பதில் சொன்னது. பாடலில் மட்டும் கேட்டிருந்த பெயரை அந்த இருட்டுப் பாறைக்கடியில் குனிந்து எழுத்துக் கூட்டிப் படிக்கும்போது எனக்கு இன்னமும் உடம்பு சிலிர்க்கிறது.

ஊரில் எல்லாவற்றையும் பஞ்சபாண்டவர் படுக்கை என்கிறார்களே, திருத்த வேண்டாமா?

வேண்டாம். பாறையில் வழவழப்பாகச் செதுக்கிய படுக்கையும் தலையணை மேடும் இருந்தால், வனவாசத்தில் பாண்டவர் படுத்த இடம் என்று சொல்வது தமிழ்நாடு முழுக்க உள்ள வழக்கம். அவை சமண முனிவர்களுக்காக வெட்டியவை என்று கல்வெட்டு சொல்கிறது. நாங்கள் நடைக்கு வருகிறவர்களுக்கு இரண்டையும் சொல்வோம். ஊர்ப் பெரியவரிடம் போய், "தாத்தா, நீங்க சொல்றது தப்பு" என்று ஆரம்பிக்க மாட்டோம். பாண்டவர் படுத்த இடம் என்கிற மரியாதையால் எத்தனையோ படுக்கைகள் உடைபடாமல் தப்பியிருக்கின்றன.

மண்டகப்பட்டை ஏன் எப்போதும் கடைசியில் வைக்கிறீர்கள்?

விழுப்புரம்–செஞ்சி சாலையை ஒட்டி இருப்பதால் திரும்பும் வழியில் வசதி, அது ஒன்று. அதைவிடப் பெரிய காரணம் அங்கே உள்ள கல்வெட்டு. 7ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆண்ட மகேந்திரவர்மன் குடைந்த கோயில். வாசலின் இரு ஓரங்களிலும் ஆளுயர வாயிற்காவலர்கள். உள்ளே பிரமன், ஈசன், திருமால் மூவருக்குமாக மூன்று அறைகள், மூன்றும் இன்று வெறுமை. தூணில் வடமொழியில் ஒரு சுலோகம்: செங்கல் இல்லாமல், மரம் இல்லாமல், உலோகம் இல்லாமல், சுண்ணம் இல்லாமல், விசித்திரசித்தன் என்ற அரசன் இந்த லக்ஷிதன் கோயிலை ஆக்குவித்தான். விசித்திரசித்தன், லக்ஷிதன் இரண்டும் மகேந்திரவர்மனின் பட்டப்பெயர்கள். பாறையை மட்டும் நம்பி வரைந்தவர்களைக் காலையில் பார்த்தவர்கள், பாறையை மட்டும் நம்பிக் கோயில் எடுத்தவனின் வரியைக் கடைசியாகப் படிக்க வேண்டும்.

சில நாள் மண்டகப்பட்டுக்குப் பதிலாகத் தளவானூருக்குப் போவோம். அதே மகேந்திரவர்மனின் சத்துருமல்லேசுவரம். முகப்பில் மகர தோரணம் செதுக்கிய அழகான குடைவரை.

வழிகாட்டி இல்லாமல் நாங்களே போகலாமா?

மண்டகப்பட்டு, தளவானூர், பனமலை தனியாகப் போகலாம், வழி கேட்டுப் போய்ச் சேரலாம். ஓவியப் பாறைகளுக்கு முதல் தடவை தெரிந்தவர்களோடு போவது நல்லது. எல்லாக் குண்டுப் பாறையும் ஒரே மாதிரி இருக்கும். ஓவியத்துக்குப் பத்தடி பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டு, ஒன்றும் இல்லை என்று திரும்பிப் போனவர்கள் உண்டு.

யாரோடு போனாலும் சரி, தனியாகப் போனாலும் சரி, ஊருக்குள் ஒருவரிடம் சொல்லிவிட்டுப் போங்கள். டீக்கடையில் நின்று, "ஐயா, பாறையில சித்திரம் பார்க்க வந்திருக்கோம்" என்றால் போதும். குன்றுகளைச் சுற்றிப் புதையல் தோண்டுகிறவர்கள் நடமாட்டம் உண்டு என்பதால் வெளியூர் ஆட்களைச் சந்தேகப்படுவது நியாயம். சொல்லிவிட்டால் அவர்களே வழி காட்டுவார்கள். ஒருமுறை ஆடு மேய்க்கும் அம்மா ஒருவர் எங்களை மறித்து, "தம்பி, அந்தப் பக்கமா ஏறாதீங்க, நேத்துதான் தேனீ கலைஞ்சு கெடக்கு" என்றார். அவர் சொல்லாவிட்டால் நாற்பது பேரோடு அந்தப் பக்கம்தான் ஏறியிருப்போம்.

தேனீயா?

ஆமாம், எங்கள் பெரிய கவலை பாம்பைவிடத் தேனீதான். உயரமான பாறை விளிம்புகளில் மலைத்தேனீ பெரிய அடையாகக் கட்டியிருக்கும். சென்ட் போட்டு வர வேண்டாம். புகை பிடிக்க வேண்டாம். கூச்சல், கல்லெறிதல், ட்ரோன் எதுவும் வேண்டாம். கலைந்துவிட்டால் கையை வீசாமல், தலையையும் முகத்தையும் துணியால் மூடிக்கொண்டு, வேகமாக அந்த இடத்தை விட்டு விலகிப் போய்விட வேண்டும். நிறையக் கொட்டு வாங்கியவரையும், மூச்சுத் திணறுகிறவரையும் உடனே மருத்துவமனைக்குக் கொண்டு போக வேண்டும், மருந்து தடவிப் பார்க்கலாம் என்று உட்காரக் கூடாது.

எந்த மாதம் வரலாம்? என்ன கொண்டு வர வேண்டும்?

தை, மாசி. பங்குனி பாதிக்கு மேல் பாறை தோசைக்கல் ஆகிவிடும். ஐப்பசி, கார்த்திகையில் மழைப்பாசி வழுக்கும். காலை 6 மணிக்கு ஆரம்பித்து 11 மணிக்குள் பாறை ஏறும் வேலையை முடித்துவிடுவோம். அடி வழுக்காத காலணி, தொப்பி அல்லது துண்டு, ஆளுக்கு 2 லிட்டர் தண்ணீர் (குடிக்க மட்டும்). முள் இருக்கும் என்பதால் முழுக்கால் உடை. சாப்பாட்டைப் பொட்டலமாக வாங்காமல் தூக்கில் கொண்டுவந்தால் குப்பை மிச்சமாகாது. கட்டணம் வாங்குவதில்லை, வேன் வாடகையை மட்டும் பங்கு போட்டுக்கொள்வோம்.

முட்டிவலி உள்ளவர்கள், சின்னப் பிள்ளைகள் வரலாமா?

வரலாம். கீழ்வாலையும் மண்டகப்பட்டும் பெரிய ஏற்றம் இல்லாதவை, செத்தவரையும் ஜம்பையும் கொஞ்சம் சிரமம். முன்கூட்டிச் சொன்னால் அதற்கேற்ற நாளில் சேர்த்துக்கொள்வோம். பிள்ளைகளுக்கு ஒரு தாளும் சிவப்பு கிரேயானும் கொடுத்து, கண்ணில் தெரிவதை வரையச் சொல்வோம். அவர்கள் வரைந்ததைப் பார்த்துப் பெரியவர்கள் பாறையில் தேடுவார்கள்.

கீழே கிடக்கிற பானை ஓட்டை எடுத்துக்கொள்ளலாமா? ஒரே ஒரு துண்டுதான்.

கூடாது. கறுப்பு-சிவப்புப் பானை ஓடு வயலோரத்தில் சாதாரணமாகக் கிடக்கும், ஆசையாகத்தான் இருக்கும். ஆனால் அது எந்த இடத்தில் கிடந்தது என்பதுதான் அதன் விலை. வீட்டு ஷோகேஸில் அது வெறும் ஓடு. குனிந்து பாருங்கள், படம் எடுங்கள், இருந்த இடத்திலேயே விட்டுவிடுங்கள்.

சட்டமும் இருக்கிறது. மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள சின்னத்தைச் சேதப்படுத்தினால் 2 ஆண்டு வரை சிறை, 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். 1958ஆம் ஆண்டுச் சட்டத்தில் 2010இல் கடுமையாக்கிய தண்டனை இது. அந்தச் சின்னங்களைச் சுற்றி 100 மீட்டருக்குள் புதிய கட்டடம் கூடாது, அதற்கு வெளியே 200 மீட்டர் வரை அனுமதி வேண்டும். மாநிலத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளவற்றுக்கு 1966ஆம் ஆண்டுத் தமிழ்நாடு சட்டம்.

பாதுகாக்கப்பட்ட இடம் என்று பலகை இருந்தால் இனி பயமில்லைதானே?

பலகை இருக்கிற இடம் கொஞ்சம். இல்லாத குன்று நிறைய. இந்தப் பகுதியின் பாறை ஜல்லிக்கும் கிரானைட்டுக்கும் நல்ல விலை போகிறது. ஓவியம் இருக்கிற குண்டுப் பாறையைத் தொடாமல் பக்கத்துக் குன்றை வெடி வைத்து உடைத்தாலும் அதிர்வில் விரிசல் விடும், தூசி வந்து படியும். பதிவாகாத ஓவியம் எது என்று யாருக்கும் தெரியாமலே லாரியில் ஏறிப் போய்விடும். பெயர் எழுதி வைக்கிற காதலர்களை எல்லோரும் திட்டுகிறார்கள், நானும் திட்டியிருக்கிறேன். ஆனால் ஒரு குன்றே காணாமல் போவதோடு ஒப்பிட்டால் அது சின்ன விஷயம். நடைக்கு வருகிறவர்கள் தங்கள் ஊர்க் குன்றையும் ஒருமுறை சுற்றி வாருங்கள் என்று கேட்டுக்கொள்வது இதற்காகத்தான்.

எங்கள் ஊர்ப் பாறையில் ஏதோ சிவப்பாகத் தெரிகிறது. என்ன செய்வது?

முதலில் அதைத் தொடாதீர்கள், துடைக்காதீர்கள், நனைக்காதீர்கள். தள்ளி நின்று முழுப் பாறையையும் ஒரு படம், பிறகு நெருங்கி ஒரு படம், பக்கத்தில் அளவுக்கு ஒரு பேனா பிடித்து ஒரு படம். போனில் இருப்பிடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். அந்தப் பாறைக்கு ஊரில் என்ன பெயர், என்ன கதை என்று வயதானவர்களிடம் கேட்டு எழுதிவையுங்கள். இவற்றோடு மாவட்டத் தொல்லியல் அலுவலருக்கும் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்துக்கும் எழுத்தில் மனு கொடுத்து, ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். இருப்பிடத்தை மட்டும் முகநூலில் போட வேண்டாம். ஓவியம் பார்க்க வருகிறவருக்கு முன்னால் புதையல் தோண்டுகிறவர் வந்துவிடுவார்.

சில சமயம் அது இயற்கையான இரும்புக் கறையாக இருக்கும். பாறைக்குள் உள்ள இரும்பு மழைநீரோடு வழிந்து செம்மண் நிறத்தில் கோடு விடும். கறை என்றால் தண்ணீர் ஓடிய வழியிலேயே மேலிருந்து கீழாக இருக்கும். ஓவியம் என்றால் எங்காவது ஒரு கோடு வளைந்து திரும்பியிருக்கும். முடிவு செய்ய முடியவில்லையென்றால் படத்தை எடுத்துக்கொண்டு அடுத்த நடைக்கு வாருங்கள். மதியச் சாப்பாட்டுக்கு உட்காரும்போது மடிக்கணினியில் போட்டுப் பார்த்துவிடலாம்.